டி.ஜே. மாதுவுக்குக் கேட்காதது

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

நேற்று அதியமான்கோட்டைத் திருவிழாவில் என் ஆட்டம் எடுபடவில்லை. நெஞ்சை அதிரவைக்கும் பாஸ் இறங்கியபோது பையன்கள் ஆடினார்கள்தான். நான் இசைத்தட்டைத் தேய்க்க ஆரம்பித்ததும் முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். இந்தப் பக்கத்துக்கு ஹிப்-ஹாப் என்றால் என்னவென்று காட்டியவனே நான். பெங்களூரிலிருந்து பழைய டர்ன்டேபிளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவன். அன்று சிரித்தவர்கள் எல்லாம் இன்று டி.ஜே. என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். என் முன்னால் காதைப் பொத்துவதா?

முனிராஜ் மேல்தான் கோபம். ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டுவது, ஒயர் இழுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. ட்வீட்டர் செத்துவிட்டது, கீச்சொலியே வரவில்லை என்று எத்தனை தடவை சொல்வது?

"எல்லாம் நல்லாத்தாங்கணா இருக்குது. நீங்கதான் கீச்ச ஏத்தி ஏத்தி வைக்கறீங்க" என்கிறான்.

ஏப்ரல் 8

ட்வீட்டர் எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. அப்படியும் மந்தம்.

ஏப்ரல் 9

முனிராஜுடன் சண்டை. "உனக்கென்னடா, காது செவுடா?" என்று கேட்டுவிட்டேன். வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். போகட்டும்.

ஏப்ரல் 12

என் மனைவி வாணியின் பட்டுப்புழுக் கொட்டகையில் இன்று நான்தான் எடுபிடி. கூலிக்கு ஆள் வரவில்லை. புழுக்கள் கடைசித் தோலும் உரித்துவிட்டன. மல்பெரிக் கிளையைப் போடப் போட இலை காணாமல் போகிறது.

"கேட்டீங்களா? மழ பேயற மாதிரியே தின்னுதுங்க பாருங்க. இதக் கேட்டாத்தான் மனசு நெறையும். உங்க டமடமாவும் ஒரு சத்தமா?" என்றாள்.

எந்தச் சத்தம்? புழுக்கள் தின்பது கண்ணுக்குத் தெரிந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

ஏப்ரல் 13

வாணி சாப்பிடப் போன நேரத்தில் புழுக்களுக்கு மேலே மைக்கைப் பிடித்துப் பதிவு செய்தேன். கம்ப்யூட்டரில் கோடுகள் துள்ளின. ஹெட்போனில் ஒன்றுமில்லை. கூட்டினேன். முழுக்கக் கூட்டினேன். ஒன்றுமே இல்லை.

ஹெட்போன் கெட்டுவிட்டதா? வாணியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன்.

"ஐயோ! காது கிழியுதுங்க!" என்று பிடுங்கி எறிந்தாள்.

அப்படியென்றால் முனிராஜ் சொன்னது — அந்தப் பெண்கள் —

எழுத ஓடவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வடை, பாயசம். பாதி இலையில் எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 16

தருமபுரியில் காது டாக்டர். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கட்டையான சத்தத்துக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினேன். பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று எழுந்தேன்.

"உக்காருங்க சார், இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது" என்றாள் சோதித்த பெண்.

போனது திரும்பாதாம். இத்தனை வருஷம் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றதன் பலன். இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் காதை அடைத்துக்கொண்டுதான் மேடையேற வேண்டுமாம்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன? காது போன டி.ஜே.வை எவன் கூப்பிடுவான்? எனக்கு வேறு என்னடா தெரியும்?

ஏப்ரல் 17

வாணியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு எதுக்குங்க தலையாட்டினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 18

புழுக்கள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. இனித் தின்பதில்லை. நல்லவேளை, பதிவு செய்ததை அழிக்கவில்லை.

ஏப்ரல் 20

கம்பைநல்லூரில் முனிராஜ் வீட்டுக்குப் போனேன். "செவுடு நீ இல்லடா, நான்தான்" என்றேன். சிரிப்பான் என்று பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டீ வந்தது. அவன் ஊர்த் திருவிழா அடுத்த மாதம்.

"நீங்களே வந்து போடுங்கணா. கீச்ச மட்டும் வேற யாராவது பாக்கட்டும்."

யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 29

வாணி.

"கொறைங்க. இன்னுங் கொறைங்க. ம்… போதும்."

அவள் குறைக்கச் சொல்லச் சொல்ல, எனக்குப் பாட்டில் பாஸைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. நான் செய்த பாட்டு, எனக்கே பாதிதான். ஆத்திரத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டேன். அதை எடுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா தள்ளுனீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

தள்ளவில்லை.

மே 11, ஞாயிறு

கம்பைநல்லூர். சாயங்காலம், வெயில் இன்னும் தாழவில்லை. பாக்ஸ் கட்டியது முனிராஜ். மேடையில் எனக்கு எதிரே வாணி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. என் காதில் பஞ்சு அடைப்பு.

புதுப் பாட்டின் நடுவில் பாஸை அப்படியே நிறுத்தினேன். அந்த இடத்தில் வாணியின் புழுக்கள் தின்னும் சத்தம் மட்டும்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள். போச்சு, இதுவும் அதியமான்கோட்டைதான் என்று நினைத்தேன்.

ஆனால் யாரும் காதைப் பொத்தவில்லை. ஒருவர் பின் ஒருவராக அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். எதிர் வீட்டு அம்மா ஓடிவந்து, வாசலில் காயப்போட்டிருந்த புளியை அவசரமாகக் கூடையில் அள்ளினார்.

வாணி சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். பாஸை இறக்கினேன்.