காந்தம் இழுத்த பன்னிரண்டு மூடிகள்

8, செவ்வாய்
காலையிலேயே கொதிக்கிற வெயில். கம்பெனி பஸ் ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம்.
லோடு வந்திருந்தது. பால் டேங்குக்கு 12 எவர்சில்வர் மூடி, காந்தம் ஒட்டாத 304 ரகத் தகடு. ஊத்துக்கோட்டை யசோதா அக்கா பட்டறையில செஞ்சது. எங்களுக்கு அவங்க முதல் ஆர்டர். செக் பண்றது நான். சேர்ந்து ரெண்டு மாசம்தான்.
ஃபோர்மேன் தனசேகர் சார் காந்தம் வச்சார். நடுவில் ஒட்டலை. வளைவில் லேசா இழுத்தது.
"இன்னாமா, டூப்ளிகேட் மாலா? திருப்பி அனுப்பு."
"அழுத்தி வளைச்ச இடத்துல அப்டி இழுக்கும் சார்."
"இருபது வருசமா காந்தத்த வச்சிக்கினு சுத்தறேன். எனக்கே சொல்றியா?"
நாளை சாயங்காலம் வரை டைம் கேட்டேன். முறைச்சுக்கினே கொடுத்தார்.

காந்தத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். ஒட்டியவை: தோசைக்கல், ஒரு ரூபாய் காசு, பீரோ. ஒட்டாதவை: அலுமினியக் குண்டான், பித்தளை விளக்கு, செம்புக் குடம், என் கொலுசு.
இரும்பு, நிக்கல், கோபால்ட்: ஒவ்வொரு அணுவும் குட்டிக் காந்தம். பக்கத்து அணுவெல்லாம் ஒரே திசை பார்க்கும். அதான் இழுக்குது. செம்பு, அலுமினியத்தில் அப்படி இல்லை. 304-ல இரும்புதான் அதிகம். ஆனா நிக்கல் சேர்ந்ததும் அணு அடுக்கு மாறி, ஒட்டாது. சூடு இல்லாம அழுத்தி வளைச்சா அடுக்கு அங்கங்கே கலையும். கொஞ்சம் இழுக்கும்.
எங்க வீட்டுக்காரர் காந்தத்தை நெஞ்சில் வச்சு, "ஒட்டல பாரு. தங்கம்!" பேஜாரு. சிரிச்சுத் தொலைச்சேன்.

9, புதன்
யசோதா அக்கா போன். சார் நேத்தே கூப்பிட்டு டூப்ளிகேட்னு சொல்லிட்டாராம். "திருப்பி அனுப்பினா பட்டறை பேரே போயிடும் கண்ணு." குரல் உடைஞ்சிருந்தது. சாயங்காலம் வரை பொறுங்கன்னேன்.
டீ டைம். மூடி வளைச்சப்போ வெட்டின ஓரத் துண்டு ஒன்னு, லோடோட வந்தது; அதுவும் லேசா இழுத்தது. கூட, எப்பவும் காந்தம் ஒட்டுற மலிவு எவர்சில்வர் ஒன்னு. வெல்டர் பாஷா பாய் ரெண்டையும் கேஸ் தீயில் ஆரஞ்சு நிறம் வரக் காய்ச்சி தண்ணியில் போட்டார். ஸ்ஸ்ஸ்! சுத்தி பத்து பேர், கையில் டீயோட.
சார்தான் காந்தம் வச்சார். மலிவுத் துண்டு: டக்குனு ஒட்டியது. மூடித் துண்டு: காந்தம் வழுக்கி விழுந்தது. மறுபடி வச்சார். விழுந்தது.
"சூட்டுல அடுக்கு பழையபடி ஆயிடுச்சு சார்."
பாஷா பாய் விசில்! சார் காந்தத்தைப் பாக்கெட்டில் போட்டார். "லேபுக்கும் அனுப்பு."

10, வியாழன்
மழை. லேப் ரிப்போர்ட்: அசல் 304.
சார் என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போன் போட்டார். "யசோதாம்மா, மால் ஓகே. நான்தான் அவசரப்பட்டு பேசிட்டேன். மனசுல வச்சிக்காத."
 அந்தப் பக்கம் பட்டறை முழுக்கச் சந்தோஷத்துல கத்துச்சு.
பன்னிரண்டிலும் பச்சை ஸ்டிக்கர். கடைசி ஒன்னு கோணல். இருக்கட்டும்.