ஊதாத் துணியை மாற்ற மாட்டேன்

மேற்குத் தாம்பரம்
28-11-1988

அன்புள்ள மகன் தேவானந்தத்துக்கு,

கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மழை வந்தால் என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ பஹ்ரைனில் நல்ல சுகத்தோடுதான் இருக்கிறாய் என்பது சனிக்கிழமை போனில் நீ போட்ட உத்தரவுகளிலேயே தெரிந்துவிட்டது, அதனால் தனியாக விசாரிக்கவில்லை. அரிகிருஷ்ணன் சார் வீட்டு ஹாலில் அவர் குடும்பமே டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பெற்ற பிள்ளையைத் திட்ட முடியாது. சரிப்பா சரிப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு வந்தேன், அம்மா சம்மதித்துவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். நான் சம்மதிக்கவில்லை. அங்கே திட்ட முடியாததையெல்லாம் இங்கே எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

லீவு கிடைத்துவிட்டது, 10-ஆம் தேதி வருகிறேன், 14-ஆம் தேதி புதன்கிழமை கல்யாணம், 20-ஆம் தேதி திரும்பிவிடுவேன், கல்யாண அறிவிப்புக்கான முதல் ஓலையை நாளைக்கே கோயிலில் வாசிக்கச் சொல்லுங்கள், ஹாலுக்கும் பிரியாணிக்கும் சொல்லிவிடுங்கள் என்றாய். கிறிஸ்மஸுக்கு முந்தின இந்த அட்வெந்து நாட்களில் நம் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லையே என்று நான் மெதுவாகச் சொன்னதற்கு நீ சிரித்தாய். அந்த ஊதாத் துணியை எடுத்துட்டு ஒரு மணி நேரம் வெள்ளைத் துணியைப் போடுங்கம்மா, யார் கேக்கப் போறாங்க, துவைக்கிறது நீங்கதானே என்றாய். தேவா, பலிபீடத்துத் துணியை நான் துவைக்கிறேன் என்பதால் அது என் வீட்டு மேஜை விரிப்பு ஆகிவிடுமா? பலிபீடத்தின் மேல் எந்த நிறம் எப்போது என்பது எனக்கும் உன் கம்பெனி மேனேஜருக்கும் சௌகரியம் பார்த்தா நடக்கிறது?

உன் அப்பா இருக்கிறாரே, நான் போனை வைத்து வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னே குடையை எடுத்துக்கொண்டு ஆயர் சத்தியநாதன் வீட்டுக்கு ஓடினார். ஆயர் பொறுமையானவர், பழைய வழக்கத்தை விளக்கிவிட்டு, பெற்றவர்களில் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்கிற மாதிரி அவசரம் என்றால் பேராயரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றாராம். திரும்பி வந்து அதைச் சொல்லிவிட்டு அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் சாகக் கிடக்கவில்லை, உன் லீவுக்காகக் கிடக்கப் போவதும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அவருக்குக் குழம்பில்லாமல் மோர்தான்.

இந்த நாட்கள் எதற்கு என்று ஞாயிறு பள்ளியில் நீ ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறாய், ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா, இன்னும் பின்கட்டில் கிடக்கிறது. ஒப்பித்ததோடு சரி போலிருக்கிறது. இங்கேயும் எல்லோரும் உன்னைப் போலத்தான் ஆகிவிட்டார்கள். நவம்பர் முடிவதற்குள் வீட்டு வாசலில் நட்சத்திரம், வாலிபர் சங்கத்துப் பையன்கள் நேற்றே டிரம்மைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போகிற கீத பவனிக்கு ஒத்திகை. பிள்ளை பிறக்கும் முன்னே பிறந்தநாள் கேக்கை வெட்டி முடித்துவிடுகிறார்கள். வரப்போகிறவருக்கு நாம் தயாரா என்று அடங்கி உட்கார்ந்து நம்மையே கேட்டுக்கொள்ள நாலு ஞாயிறு, அதற்குத்தான் அந்த ஊதா. அதுகூட முடியாதவர்களுக்குப் பண்டிகை என்ன கேடு.

காத்திருப்பதைப் பற்றி எனக்கு யாரும் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை. டிபி சானடோரியத்தில் நர்ஸாக இருந்தபோது தினம் அதைத்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்துக்கு நோயாளிகள் காலையிலேயே தலை சீவிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கேட்டைப் பார்த்தபடி உட்காருவார்கள். வருகிறேன் என்று சொன்ன ஆள் வராவிட்டால் அடுத்த வாரமும் சீவிக்கொள்வார்கள், யாராவது வந்தாங்களா சிஸ்டர் என்று எங்களைப் பிய்த்து எடுப்பார்கள். கேட்கிற வரைக்கும் எங்களுக்குப் பயமில்லை. ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள் பார், அன்றைக்குத்தான் நான் பெரிய டாக்டரைக் கூப்பிடுவேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால் கிருபா கேட்பதை நிறுத்திவிட்டாள். உங்களுக்கு நிச்சயம் ஆனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அட்வெந்துக்கு முந்தின சனிக்கிழமை பீச் ரயிலில் ஆபீஸ் விட்டு வந்து நேராக நம் வீட்டில் இறங்குவாள், ஊதாத் துணியை அவள்தான் இஸ்திரி போடுவாள், நான் மடிப்பேன். முதல் வருஷம் இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் உன் கடிதம் வந்ததா என்று மூன்று தடவை கேட்டாள். ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய், காண்ட்ராக்ட் என்று வரவில்லை. மே மாதம் என்றாய், ஃபோர்மேன் வேலை கிடைக்கப் போகிறது என்று வரவில்லை. அதற்குப் பிறகு நீ மாதம்கூடச் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றாய். அவள் அப்பா ஏசுபாதம் அண்ணன் தன் சின்ன மகளுக்கு வந்த வரனைக்கூடப் பெரியவள் கல்யாணம் முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார், அது கைநழுவிப் போனதும் உனக்குத் தெரியும்.

இந்தச் சனிக்கிழமையும் வந்தாள். மழையில் துணி காயவில்லை, ஃபேனுக்குக் கீழே விரித்துப் போட்டிருந்தேன், ஈரத்தோடேயே தேய்த்தாள். நீ சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், துணியை மாற்றச் சொன்னதையும் சேர்த்து. தேய்க்கிற கை நிற்கவில்லை. தேய்த்து முடித்து, ஓரத்துச் சிலுவை வேலைப்பாட்டை விரலால் நீவிவிட்டு, அவரு வராருன்னா எனக்கு சந்தோஷம் வரணும் இல்ல அத்தை, வரமாட்டேங்குது, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிற மாதிரிதான் இருக்கு என்றாள். அப்புறம் நிச்சய மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்து, கோவத்துல குடுக்கல அத்தை, நீங்க தப்பா நினைக்காதீங்க என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவள் என்னைத் தேற்றிவிட்டு, துணியை மடிக்க உதவிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். நேற்று சாயந்திரம் அப்பா அவர்கள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தார். ஏசுபாதம் அண்ணன் காபி கொடுத்து, பொண்ணு முடிவுதான் சார் எங்க முடிவு என்று கேட் வரை வந்து அனுப்பினாராம்.

ஒன்று கேட்கிறேன், பதில் உன்னிடமே இருக்கட்டும். நாம் கும்பிடுகிறவர் பத்து நாள் லீவில் வந்து, ஜோலியை முடித்துக்கொண்டு, டிக்கெட் தேதிக்குத் திரும்பிப் போனவரா? வந்தார், தச்சு வேலை செய்தார், நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டார், தங்கினார். அதனால்தான் அவருக்குக் காத்திருக்கிறதில் ஒரு நியாயம் இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு அஞ்சு நாள் இருக்கும்போதே விமானம் ஏறப் போகிறவனுக்காக ஒரு பெண் எதற்குக் காத்திருக்க வேண்டும், நீயே சொல்.

ஹாலுக்கும் சொல்லவில்லை, பிரியாணிக்கும் சொல்லவில்லை, ஓலையும் வாசிக்கவில்லை. மோதிரத்தைப் பீரோவில் பலிபீடத்து வெள்ளைத் துணியின் மடிப்பில் வைத்திருக்கிறேன். 24-ஆம் தேதி சாயந்திரம் ஊதாவை எடுத்துவிட்டு வெள்ளையை விரிக்க அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவேன். அன்றைக்கு நீ இங்கே நின்றால் மோதிரத்தை உன் கையில் தருவேன், தேதி எதுவும் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போய் நீயே கேள். மாட்டேன் என்று அவள் சொன்னால் அதையும் நின்று கேட்டுக்கொண்டு வா. நீ 20-ஆம் தேதியே போய்விட்டாலோ, வராமலே இருந்தாலோ, மோதிரம் காணிக்கைப் பெட்டிக்குப் போகும். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, டப்பா மீனையே தின்றுகொண்டிருக்காதே, வேதம் வாசி. என்ன கோபம் இருந்தாலும் தினம் உன் பேரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறேன், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

முக்கியமாக ஒன்று. இதைப் படித்ததும் அரிகிருஷ்ணன் சார் வீட்டுக்குப் போன் பண்ணாதே, நான் எடுக்கப் போவதில்லை. வருகிறேன் என்று கடிதமும் போடாதே, அந்த வார்த்தையை இந்த வீட்டில் இப்போது உன் அப்பா ஒருவர்தான் நம்புகிறார், அவர் நேற்றே தலை சீவிக்கொண்டு கேட் பக்கம் நாற்காலியைப் போட்டுவிட்டார். வந்து நில்.

உன் மேல் தீராத கோபத்தோடு, உன்னைப் பெற்ற
ஞானஜோதி