ஃப்ரீசருக்குப் போட்ட மாலை

புரட்டாசி 14, செவ்வாய்

வெயில். மதியத்துக்கு மேல் புழுக்கம். முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து கோணலாகப் போகிறது. படிக்கப் போவதும் நான்தான், பொறுத்துக்கொள்கிறேன். ‘ழ’ வந்தால் பேனா நின்றுவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்! அறுபத்தெட்டு வயதில்!

இன்று கம்பெனியில் ஆயுத பூஜை. நாளையும் மறுநாளும் எல்லோருக்கும் லீவு. கேட் வாட்ச்மேன் எனக்கு மட்டும் இல்லை.

வாங்கியது: பொரி, பூசணிக்காய், சந்தனம், சாமந்தி மாலை.

லேபில் நிர்மலா மேடம் (இனி நி. மே., கை வலிக்கிறது) பெரிய ஃப்ரீசரைக் காட்டினார். உள்ளே சுண்டுவிரல் அளவு டியூப்கள். மனிதப் புரதமாம். மனிதனிடமிருந்து எடுத்தது இல்லை. நம் உடம்பில் இருக்கும் செய்முறையை வேறு செல்லுக்குள் வைத்து, தொட்டியில் வளர்த்து, வடித்து எடுத்தது. பொங்கலுக்குத் தொடங்கிய வேலை. திங்கட்கிழமை ஐதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போக வேண்டும். புது மருந்து இதில் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்களாம்.

“ஒடம்புல அதுக்கு இன்னா வேலைம்மா?”

“செல்லுக்கு மேல நின்னுகினு, வர்றது யாருன்னு பாத்து உள்ள தகவல் சொல்லும் தாத்தா. ஏற்பின்னு பேரு.”

“வாட்ச்மேன்னு சொல்லு!”

சிரித்தார். “அப்போ உங்க ஆளுக்கும் ஒரு மாலை போடுங்க.”

மீதி மாலையை ஃப்ரீசர் மேலிருந்து தொங்கவிட்டேன். பொட்டும் வைத்தேன். நி. மே. கடைசி டியூபை உள்ளே வைத்துக் கதவை மூடினார். சாவியை என்னிடம் கொடுத்தார்.

“நாளைக்கு ஒரு வாட்டி பாருங்க தாத்தா. எண்பதுன்னு காட்டணும். சூடாகுற மாதிரி இருந்தா உடனே போன் பண்ணுங்க.”

எண் படிக்கத் தெரிந்தவன் என்று என்னிடம்!

புரட்டாசி 15, புதன்

மேகம். ரோட்டில் ஆளே இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள்கூட இல்லை.

காலையில் உள்ளே போனேன். ஃப்ரீசர் கீ கீ என்று கத்துகிறது. சிவப்பு விளக்கு. பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, எல்லாம் இங்கிலீஷ். என்ன பேஜாரு! கஷ்டப்பட்டுத் தமிழ் படித்தேன். இந்தக் கம்பெனியில் கக்கூஸ் கதவைத் தவிர எங்கேயும் தமிழ் இல்லை.

எண்ணை மட்டும் படித்தேன். ஐம்பத்து நான்கு. எண்பதிலிருந்து குறைந்திருக்கிறது. எண் குறைந்தால் குளிர் கூடியிருக்கிறது. நல்லதுதான்.

நாஷ்டா: இட்லி, நேற்றைய பொரி.

மதியம்: முப்பத்தொன்று. நன்றாகக் குளிர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சத்தம்தான் எரிச்சல்.

சாயங்காலம்: எட்டு. கதவோரம் தண்ணீர் சொட்டுகிறது. குளிர் கூடினால் தண்ணீர் எப்படி வரும்? போன் போட்டேன். நி. மே. கடம்பத்தூரில். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. கடைசியில் எடுத்தார்.

“எண்ணுக்கு முன்னாடி கோடு இருக்கா தாத்தா?”

“காலைல ஒரு சின்னக் கோடு இருந்திச்சி. இப்ப இல்லம்மா.”

“கதவத் தொறக்காதீங்க. இதோ வர்றேன்.”

நி. மே. தன் தம்பியின் பைக்கில் வந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. கதவைத் திறந்தார். மாலையின் நுனி கதவு ரப்பரில் சிக்கியிருந்தது. அந்த இடுக்கு வழியாக ஒரு ராத்திரி, ஒரு பகல் குளிர் போயிருக்கிறது. ஒரு டியூபை எடுத்து ஆட்டினார். உள்ளே தண்ணீராக ஆடியது.

கோடு இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே. அங்கே எண் குறையக் குறையச் சூடு. கழித்தல் எனக்குத் தெரியும். கழிக்க எதுவும் இல்லாமல் தனியாக நிற்கும் கோட்டை வகுப்பில் சொல்லித் தரவில்லை. எழுதும்போதே கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

புரட்டாசி 16, வியாழன்

மழை. விஜயதசமி. தெருவில் குழந்தைகளின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார்கள். எனக்குப் பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை.

நி. மே. லீவிலும் வந்திருந்தார். முதலாளி போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. “ஃப்ரீசருக்கு மாலை போடச் சொன்னது யாரு?”

“நான்தான் சார்.”

போட்டது நான்தான் என்று நானும் சொன்னேன். முதலாளி காதில் விழவில்லை.

புரட்டாசி 18, சனி

மழை விட்டது. கேட் பக்கம் சேறு.

உருகிய டியூப்களை நி. மே. சோதித்து முடித்தார். புரதம் அப்படியே இருக்கிறது. ஒட்ட வேண்டியது மட்டும் அதில் ஒட்டவில்லை.

“ஆளு கீறான் தாத்தா. வர்றவங்கள அடையாளம் தெரியல.”

திங்கட்கிழமை ஐதராபாத்துக்கு எதுவும் போகாது. அழுவார் என்று பயந்தேன். டீ கேட்டார். புரதம் தரும் செல்கள் தனியாக நைட்ரஜன் கேனில் பத்திரமாம். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“அந்தக் கேனுக்கு மாலை போட்டீங்களா?”

“இல்லம்மா.”

“தப்பிச்சேன்.”

பிறகு ஓர் அட்டையை நீட்டினார். தமிழில் எழுதி ஃப்ரீசரில் ஒட்டச் சொன்னார். மூன்று அட்டை வீணானது. நான்காவதில் எழுதியது:

மாலை வேண்டாம். பொட்டு போதும். எண்பதுக்கு முன்னால் கோடு இருக்க வேண்டும். எண் குறைந்தால் சூடு. உடனே போன் செய்யவும்.

எலக்ட்ரீஷியன் ஏழுமலை வந்து பார்த்தான். “யாரு நைனா எழுதுனது? கோழி கிண்டுன மாதிரி கீது.”

“இன்னா எழுதிக்கீதுன்னு படி.”

சத்தமாகப் படித்தான், கடைசி வரை. பிறகு குனிந்து ஃப்ரீசரின் எண்ணைப் பார்த்தான். “கோடு கீது நைனா.”

அடுத்த வாரம் தொட்டியில் செல் போடுகிறார்கள். அதற்கு முப்பத்தேழு டிகிரி சூடு. கோடு கிடையாதாம், கேட்டு வைத்துக்கொண்டேன். போட்டதும் இங்கே எழுத வேண்டும்.