எலியின் வயிற்றில் வெளிச்சம்

அக்டோபர் 9

என் ஆய்வகக் குழுவுக்கு நானே ப்ளூபெரி கேக் வாங்கிப் போனேன். நுண்ணிய தங்கத் துகள்களுக்குச் சிலிக்கா ஓடு போட்டு, ஒளிரும் சாயம் ஏற்றி, எலிக்கு ஊசி போட்டிருந்தோம். குடலில் உள்ள புற்றுக்கட்டி கேமராவில் பளிச்சென்று ஒளிர்ந்தது! இனி அந்த இடத்தில் லேசரைக் காட்டினால் துகள் சூடேறிக் கட்டியைப் பொசுக்கிவிடும்.

ஒப்பந்த ஆய்வாளன் ஆர்னி மட்டும் கேக்கைத் தொடவில்லை. "ஊசி போடாத எலியப் படம் எடுத்தியா ஐலா?"

"வயித்தெரிச்சலுக்குக் கேக் நல்லதுப்பா, சாப்பிடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்டோபர் 16

ஆர்னியின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டாம் என்று துறைக்கு எழுதிவிட்டேன். குழுவோடு ஒத்துப்போகாதவன்.

நவம்பர் 20

இதழுக்கு அனுப்பிய கட்டுரையைச் சரிபார்த்தவர்களும் ஆர்னி கேட்டதையே கேட்டார்கள். எரிச்சலோடு ஊசி போடாத எலியைப் படம் எடுத்தேன்.

அதே இடம். அதே வெளிச்சம்.

தீனி! தீனியில் கலக்கும் குதிரைமசால் இலை. அதன் பச்சையம் இந்தக் கேமராவில் ஒளிரும், படம் எடுக்கும் முன் தீனியை மாற்ற வேண்டும் — புது மாணவர்களுக்கு நானே சொல்லித் தருவது இது. நாங்கள் கொண்டாடியது எலி தின்ற தழையை. இதை நம்பிப் பின்னாளில் ஒரு மனிதருக்கு லேசர் காட்டியிருந்தால்? கட்டியை விட்டுவிட்டு நல்ல குடலில் லேசரைப் பாய்ச்சியிருப்போம்.

நவம்பர் 21

எல்லோரும் கூடும் சவுனா நீராவிக் குளியலுக்குக்கூடப் போகவில்லை. யார் முகத்தில் விழிப்பது? சீ.

நவம்பர் 24

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். கூட்டத்தில் காரணத்தையும் சொன்னேன். எல்லோரும் எழுந்து காபி ஊற்றிக்கொண்டார்கள். ஆர்னியை ஏன் அனுப்பினேன் என்பதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பாதி உண்மை சொல்லிவிட்டு நல்லவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெட்கங்கெட்டவள்.

டிசம்பர் 1

இன்று எல்லோர் முன்னாலும் மீதியையும் சொன்னேன். பிறகு ஆர்னியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஓலு ஊரில் அம்மா வீட்டில் இருக்கிறான்.

"நீ சொன்னதுதான் சரி ஆர்னி. உன்ன அனுப்பினது என் திமிரு. திரும்பி வந்துடு. துறையில பேசி அனுமதி வாங்கிட்டேன்."



"தப்பு எல்லாருக்கும் வரும் ஐலா. ஆனா நீ கிண்டல் பண்ணதும் எல்லாரும் சிரிச்சாங்க பாரு…" என்று நிறுத்தினான். "யோசிச்சுச் சொல்றேன்."

டிசம்பர் 19

இன்னும் பதில் இல்லை. மறுபடி கேட்க எனக்கு என்ன உரிமை?

ஜனவரி 12

தீனியை மாற்றி எடுத்த படங்கள் வந்தன. கட்டி இருக்கும் இடத்தில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது. கட்டிதானா, இன்னும் தெரியாது.

புது மாணவி ஜன்னலோர மேசையைக் காட்டி, "இது யாரோடது? நான் எடுத்துக்கலாமா?" என்றாள்.

ஆர்னியுடையது என்றேன். பிறகு, எடுத்துக்கொள் என்றேன்.