கறுத்த எலுமிச்சை முப்பது

அன்பு மகள் இந்துமதிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகமாக இருக்கத் திருச்செந்தூர் முருகன் காப்பான். பிள்ளை குப்புற விழ ஆரம்பித்துவிட்டாளா, இனிமேல் கட்டிலில் தனியாகப் போடாதே. மில்லர்புரத்தில் நம் கடைக்கு முன்னால் மறுபடியும் ரோட்டைத் தோண்டிவிட்டார்கள், அப்பா தூசியைத் திட்டிக்கொண்டே வியாபாரம் பார்க்கிறார். அடுத்த வீட்டு ஜெபசிங் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிட்ட பையில் முறுக்குக்குக் கீழே ஒரு டப்பா இருக்கும். அதைத் தொடுவதற்கு முன் இதை முழுக்கப் படி. போனில் சொல்லலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை கேட்க இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் எதிர்வீட்டு மஸ்கட்டுக்காரி சல்மா இப்போதெல்லாம் கதவைத் தட்டுவதே இல்லை, நான் என்ன தப்பும்மா பண்ணினேன் என்று போன வாரம் அழுதாயே, தப்புப் பண்ணியது நீ இல்லை, நான். உன் பிரசவத்துக்கு நான் அங்கே வந்திருந்தபோது, பிள்ளை பிறந்த பத்தாம் நாள், தன் அம்மா ஊரில் காயவைத்தது என்று ஒரு பை நிறைய எலுமிச்சங்காய் கொண்டுவந்து கொடுத்தாள் அல்லவா. கறுகறுவென்று இருந்ததைப் பார்த்து அழுகல் என்றே நினைத்தேன், பிள்ளை பெற்ற உடம்புக்குப் புளிப்பா என்ற கோபம் வேறு. அன்றைக்கே குப்பைத் தொட்டியில் போட்டேன். மறுநாள் காலையில் சல்மா தொட்டியருகே நின்று அந்தப் பையைப் பார்த்துவிட்டுப் போனாள், சன்னலில் நின்று அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ பையைத் தேடியபோது தெரியாது என்றேன். நான் இருந்தவரை விருந்தாளிக்கு மரியாதையாக அவள் வந்துபோயிருக்கிறாள், அவ்வளவுதான்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் பெருக்கும்போது ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு காய் உருண்டு வந்தது. எறியும் முன் மோந்து பார்த்தேன். காய்ந்த நார்த்தங்காயும் லேசான புகையும் கலந்தது போல ஒரு வாசம். தட்டி, விதையை எடுத்துவிட்டு அன்றைய சீலா மீன் குழம்பில் போட்டேன். அதுவரை என் சமையலைக் கொறித்துக்கொண்டிருந்த நீ மூன்று தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, என்னம்மா போட்டே என்று கேட்டாய், நம்ம ஊர்ப் புளிதான் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். அந்த ருசி இன்னும் என் நாக்கை விட்டுப் போகவில்லை.

உப்பும் வெயிலும் நம் ஊரில் இல்லாததா, நானே செய்கிறேன் என்று ஊருக்கு வந்ததும் இறங்கிவிட்டேன். கடைக்கு வந்த புளியங்குடி எலுமிச்சையில் சின்னதாக ஐம்பது பொறுக்கி, கல்லுப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து மாடியில் காயப்போட்டேன். இருபதாம் நாள் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. "ஏளா, அழுகின பழத்தை எதுக்கு இங்கன பரப்பி வச்சிருக்க, அள்ளிக் குப்பையில போட்டுட்டேன்" என்கிறார் உன் அப்பா. இன்றைக்கு உங்களுக்குச் சோறு கிடையாது என்று கத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்த பிறகுதான் சல்மாவின் முகம் ஞாபகம் வந்தது. எனக்கே இப்படி வலித்தால், பெற்றவள் கையால் செய்ததைக் கொடுத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும். வெட்கமாகப் போய்விட்டது, இந்து.

மறுநாளே வேறு ஐம்பது போட்டேன், தூக்கி எறிந்தவரையே காக்கா விரட்ட வைத்தேன். தேறியது முப்பது, அந்த டப்பாவில் இருப்பது அதுதான். நமக்கென்று போட்டதுதான், உன் போன் வந்த அன்றே முப்பதும் சல்மாவுக்கு என்று முடிவு பண்ணிவிட்டேன், நீ ஒன்றுகூட எடுக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போ. எங்கள் அம்மா அறியாமல் கொட்டிவிட்டாள், பிறகு வாய் திறக்காமலும் இருந்துவிட்டாள், இது அவள் தன் கையால் காயவைத்தது என்று சொல். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் சேர்க்காதே. கதவு திறக்காவிட்டால் மறுநாளும் போ. அடுத்த ஐம்பது இப்போதே மாடியில் காய்கிறது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். சல்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால், நான் போட்ட உப்பு சரிதானா என்று மறக்காமல் கேட்டுச் சொல்.

உன் அம்மா,
முத்துக்கனி