பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழி

பிப்ரவரி 6
சன்னலில் நின்றால் பள்ளிக்கூட மணி காதில் விழுகிறது. போய்ச் சேரவோ ஒரு மணி நேரம்! பின்னால் மதிலுக்கு மேல் மதில், நடுவே ஒரு சந்துகூடக் கிடையாது. தார் எஸ் சலாம் நகரம் காட்டைத் தின்றுகொண்டே எங்கள் வாசல்வரை வந்துவிட்டது. தெருவைக் கூட்டிவர மட்டும் மறந்துபோயிற்று. நெடுஞ்சாலைக்குப் போய், சந்தையைச் சுற்றி, நெரிசலில் நின்று, ஆட்டோவில்தான் போயாக வேண்டும்.

புலம்புகிறேனா? இல்லையே. ஷோமாரியின் ஆட்டோ ஆயிற்றே.

பிப்ரவரி 9
சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. போலீஸ்காரர் ஒரு ஆட்டை மறித்து லைசென்ஸ் கேட்பதுபோல் ஷோமாரி நடித்துக் காட்டினார். வறுத்த மரவள்ளிக்கிழங்கு வாங்கித் தந்தார். மிளகாய்த்தூள் கண்ணில் பட்டு அழுதேன். "இன்னும் நேரமிருக்கு டீச்சர், நிதானமா அழுங்க" என்கிறார்!
முப்பத்தாறு வயதில் இதென்ன குறுகுறுப்பு?

பிப்ரவரி 20
இன்று நெரிசலே இல்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டோம். சே!

மார்ச் 4
தெருக் கூட்டம். நேற்று என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நெடுஞ்சாலையில் லாரியிடமிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறாள். தலைவர் கிப்வானா சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்கு நேர் பாதை விட எல்லாரும் சம்மதிச்சாச்சு. டீச்சர் வீட்டுக்குப் பின்னால ஒரே ஒரு மதில்தான் பாக்கி. அந்தாளு மசிய மாட்டேங்கிறான்."
எவன் அந்தக் கல்நெஞ்சன் என்று முதலில் கத்தியது நான்தான்.
"ஆட்டோ ஓட்டுற ஷோமாரி."
என் வீட்டுக்குப் பின்னாலா இருக்கிறார்? வீடு 'அந்தப் பக்கம்' என்று மட்டும்தானே சொன்னார். என்னைச் சுத்தவிட்டுக் காசு பார்த்திருக்கான், அடப்பாவி! இத்தனை நாளும் பல்லைக் காட்டிக்கிட்டு — நானும் காட்டிக்கிட்டு —

மார்ச் 6
வண்டியில் ஏறவில்லை. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "பிள்ளைங்க உயிரக் கையில புடிச்சிட்டு நடக்குதுங்க. உங்களுக்கு என் காசு பெருசா?"
தலையைச் சொறிந்தார். "எந்தக் காசு? உங்களக் கூப்பிட அம்புட்டுத் தூரமும் காலி வண்டியத்தானே ஓட்டிட்டு வர்றேன். நீங்க குடுக்குறது பெட்ரோலுக்கே பத்தாது."
"அப்ப எதுக்கு இந்த அடம்?"
"பாதை வந்தா நீங்க நடந்துடுவீங்களே, டீச்சர்."
எப்படியோ வாயில் வந்துவிட்டது: "இடிங்க. நடந்தாலும் உங்க வாசலத் தாண்டித்தானே போகணும்?"
வகுப்பில் கரும்பலகையில் தேதி எழுதப் போய் 'ஷோ' என்று எழுதிவிட்டேன். ஐயோ, பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்!

மார்ச் 11
கடப்பாரையால் முதல் இடி அவருடையதுதான். ஊர் முழுக்கப் புழுதி. "கல்நெஞ்சன் எப்படிம்மா கரைஞ்சான்?" என்று கிப்வானா என்னைக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும்!

ஜூலை 4
விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஷோமாரியின் வீட்டுக் கதவை — எங்கள் வீட்டுக் கதவை — சாத்திக்கொண்டு இறங்கினேன். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. பாதையில் வந்த புது மாணவி ஒருத்தி கையையே பார்த்துக்கொண்டு கூட நடந்தாள்.
"இதுதான் உங்க வீடா டீச்சர்?"
"ஆமா. முன்னாடி மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன்."
திரும்பி ஒரு தரம் பார்த்தாள். "எந்த மதில்?"