உப்புப் பார்த்த நாள்

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் என் கையிலிருந்து மாட்டுக் கொழுப்பில் சிவந்த மாவின் வாசனை போகவில்லை. இன்று கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல் நாள். பொலிதேயாமாப் பகுதியில் நீ வேலை செய்த சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில், நீ நின்ற அடுப்பின் முன்னால் நின்று, நாளைய விருந்துக்குக் கிரேவி காய்ச்சி வைத்துவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன். நீ கண்மூடிய பிறகு வரும் முதல் நத்தார். வேறு யாரும் அதைத் தொடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

போறணையில் இறைச்சி வாட்டும்போது தட்டில் இறங்கும் சாற்றை மாவோடு காய்ச்சி ஊற்றிக்கொள்ளும் அந்தக் கிரேவியைப் பலெர்மோவில் வேறெந்த வீட்டிலும் நான் கண்டதில்லை. சிஞ்ஞோராவின் தாய் ஆங்கிலேயப் பெண். தாய் செய்தது போலவே பெருநாள்களில் அவருக்கு வேண்டும். மொரிசியசிலிருந்து வந்த உனக்கோ மாட்டிறைச்சி ஆகாது. முருகன் பெயர் சொல்லும் வாயில் அது படக்கூடாது என்பாய். ஆனாலும் மூன்று வருடம், வாசனையையும் கொதிக்கும் சத்தத்தையும் நம்பியே அதைக் காய்ச்சினாய். நான்காவது வருடம் உயிர்த்த ஞாயிறன்று உப்புக் கூடிவிட்டது. நத்தாருக்கும் இப்படியானால் வேறு ஆள் பார்ப்பேன் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். அந்த வேலை போனால், இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க நீ எதைக் காட்டுவாய்?

வியா மக்வேதாவுக்குப் பின்னால் உள்ள நம் கட்டடத்தில் நீ கீழ் வீடு, நான் மேல் வீடு. அந்த வருடம் நத்தார் நெருங்கிய ஒரு மாலை மூச்சு வாங்க ஏறி வந்தாய்.

"அக்கா, எனக்கு ஒருக்கா உங்கட நாக்கு வேணும்."

"என்ரை நாக்கைப் பற்றி இந்தப் படிக்கட்டு முழுக்க முறைப்பாடு. உனக்கு அது வேணுமோ?"

"ஓம் அக்கா. ஒரு நாளைக்கு நல்லதுக்குப் பாவிப்பம்."

உன் தமிழில் பாதி கோவிலில் படித்தது. மீதி இந்தப் படிக்கட்டில் எங்களிடம் பொறுக்கியது. என்னைச் சீண்ட அது போதுமானதாக இருந்தது. கணவர் இறந்தபின் ஊரிலிருந்து இங்கே மகளிடம் வந்தபோது, பிறர் வீட்டு அடுப்படியில் நிற்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நான். இருந்தும் சம்மதித்தேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் சமையல் பாடத்தில் முதலாவதாக வந்தவள் என்ற பெருமையும் அதில் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

நத்தாரன்று உனக்கு விடுமுறையென்பதால் எல்லாவற்றையும் முதல் நாளான இருபத்து நான்காம் தேதியே செய்து வைக்கவேண்டியிருந்தது. சிஞ்ஞோரா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னை அவர் வீட்டு அடுப்படிக்குக் கூட்டிப்போனாய். செம்பின் நிறம் வரும்வரை மாவுக்குத் தண்ணீர் காட்டாதே என்று உன்னை அதட்டிக்கொண்டே நின்றேன். கிரேவி திரண்டது. கரண்டியில் எடுத்து ஊதி, வாயருகே கொண்டுபோனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"அக்கா, இண்டைக்கு நீங்கள் இறைச்சி தொடமாட்டீங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

கத்தோலிக்கரான எங்களுக்கு நத்தாருக்கு முதல் நாள் சுத்தபோசனம். இறைச்சி கூடாது. இப்போது அது கட்டாயமில்லை என்று சுவாமிமார் சொன்னாலும், சிறு வயது முதல் ஒரு வருடமும் நான் அதை விட்டதில்லை. விடுகிறவர்களுக்குப் புத்தி சொல்வதும் உண்டு. அந்த நானே, கிரேவிப் பெருமையில் அன்று என்ன நாள் என்பதையே மறந்துவிட்டேன். நீ பேசாமல் இருந்திருக்கலாம். உன் வேலை அந்தக் கரண்டியில்தான் இருந்தது.

"சரி, நானே பாக்கிறன்" என்று கரண்டியை வாங்கினாய். கண்ணை இறுக மூடிக்கொண்டாய். கரண்டி சரிந்து, கிரேவி அடுப்பில் சிந்தியது.

பறித்து வாயில் விட்டுக்கொண்டேன்.

கடல் தண்ணீர். கடைக்காரர் உப்புத் தடவித் தந்த இறைச்சிக்கு நீயும் உப்புத் தடவியிருந்தாய். பாதியை எடுத்து ஒதுக்கி, புதிதாக மா வறுத்து, வெறும் தண்ணீர் விட்டு மறுபடி காய்ச்சினோம். மறுபடியும் சுவைத்தேன். சுத்தபோசனம் முறிந்தது முறிந்ததுதானே. உண்மையைச் சொன்னால், இரண்டாம் கரண்டி மிக நன்றாக இருந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கேக் துண்டோடு உன் கதவைத் தட்டினேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வாயில் வைக்க மறுத்தாய்.

"நேற்று நீங்கள் விட்ட விரத நாளை இண்டைக்கு நான் பிடிக்கிறன்."

"விசரி! நத்தாரண்டைக்கு ஆரும் உபவாசம் இருப்பினமோ?"

"நான் உங்களைப் போல வேதக்காரி இல்லையே அக்கா. எனக்கு இருக்கலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மேலே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன்.

சிஞ்ஞோரா உன்னை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் அதுவே வழக்கமாயிற்று. முதல் நாள் என் நாக்கு, மறுநாள் உன் வயிறு. கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரியில் உனக்கு வரும் சூப்பை நான் முதலில் ஒரு கரண்டி குடித்துப் பார்ப்பேன். மாடு இல்லையென்று தலையாட்டினால்தான் வாயைத் திறப்பாய். ஒருநாள் சிரித்தபடி, "உங்கட நாக்கு நல்லதுக்குத்தான் பாவிக்கப்பட்டிருக்கு" என்றாய். நான் போர்வையைச் சரி செய்வது போலக் குனிந்துகொண்டேன்.

இன்றும் உப்புப் பார்த்தேன். அளவாக இருந்தது. ஆனால் கரண்டியைக் கழுவும்போதுதான், நாளைக்கு எனக்காக விரதம் பிடிக்க யாரும் இல்லை என்பது உறைத்தது.

நாளை மகள் மேசையை நிறைத்து வைப்பாள். நான் வெறும் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பேன். நத்தாரன்று உபவாசமா, உங்களுக்கு என்ன விசர் பிடித்தது என்று கத்துவாள். அவள் கேட்பது சரிதான். அப்படி இருக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்தவளே நான். பிடிக்கப்போவது என் நாள் அல்ல, நீ எனக்காகப் பிடித்துவந்த நாள் என்று மட்டும் அவளிடம் சொல்லுவேன்.